தொண்ணூற்றாறு ரூபாய்க்குப் படிந்த பாடம்

ஒரு தாயின் ஒரு நாள் உழைப்புக்கு நூற்றுப் பதினாறு ரூபாய் என்று, எதையும் பேரம் பேசாமல் வாங்காத இத்திருப்பூரில் நிமிர்ந்து நின்று விலை சொன்னவர். எண்களைப் போற்றி எளியோரை எண்ணியவர். முப்பத்து நான்கு ஆண்டுகள் பொருளியல் பயிற்றிய புலமைச் செல்வர். பேராசிரியர் கோமளா அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உவந்தளிக்கும் மடல்.

புகழுரையில் மிகையைக் கலப்பது நூல் மூட்டையில் தண்ணீர் தெளிப்பது போன்றது. எடை கூடும், வாங்கியவர் மறுநாளே வந்து நிற்பார். ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்கிறோம். அம்மையார் தொடங்கிய மகளிரியல் பாடத்துக்கு இக்கல்லூரியில் தனி ஆசிரியர் இல்லை; அவரே பொருளியலோடு சேர்த்துச் சுமந்தார். அவர் இன்று ஓய்வு பெற்றபின் ஜூனில் அதை நடத்துவோர் யார் என்பது முடிவாகவில்லை. முடிவு செய்ய வேண்டியவர், நம் செயலர் ஆறுமுகசாமி அவர்கள், மேடையிலேயே அமர்ந்திருக்கிறார்.

இரண்டாயிரத்து ஒன்றில் டெல்லிப் பயிலரங்கு ஒன்றிலிருந்து அம்மையார் ஒரு படிவத்தோடு திரும்பினார். கடல் கடந்த பல்கலைக்கழகம் ஒன்று வகுத்து, தமிழில் பெயர்க்கப்பட்ட படிவம். அதை ஏந்திப் பெருமாநல்லூரில் நூற்று நாற்பது வீடுகளின் படியேறினார். ‘நீங்கள் வேலை செய்கிறீர்களா?’ என்பது முதல் கேள்வி. நூற்று இருபத்திரண்டு பெண்கள் இல்லை என்றனர். கடைசி வீட்டுப் பூவாத்தாள் இன்னும் தெளிவாகச் சொன்னார்:

“வேலைக்கெல்லாம் போறதில்லீங்க. ஊட்டுல சும்மாதான் இருக்கறனுங்க.”

அப்போது அவர் மடியில் பனியன் குவியல். கையில் பிசிர் வெட்டும் கத்தரி. பேச்சினிடையே அது ஒருமுறைகூட நிற்கவில்லை. அம்மையாரும் ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டு எழுந்துவிட்டார். தெருமுனை வந்த பிறகே உறைத்தது: பொருளியல் படித்தவரின் கண், படிவத்தைப் பார்த்ததேயன்றிக் கத்தரியைப் பார்க்கவில்லை. திரும்பிப் போனார்.

“ஏனுங்க, இன்னைக்குக் கண்ணு முழிச்சதுல இருந்து என்னென்ன செஞ்சீங்க?”

“அதையெல்லாமா எழுதுவீங்க? நோட்டுப் பத்தாதுங்க.”

பத்தவில்லை. அந்தச் ‘சும்மா’ மூன்று தாள்களை நிரப்பிற்று. மற்ற வீடுகளுக்கும் மறுபடி நடந்தார். சமையலுக்கு மெஸ்காரர் கூலி, குழந்தைக்குப் பால்வாடி ஆயா கூலி, பிசிருக்கு டஜன் கணக்குக் கூலி என உள்ளூர் விலையையே போட்டு, ஒரு தாயின் சராசரிப் பதினேழு மணி நேர வேலையைக் கூட்டி நூற்றுப் பதினாறு ரூபாய் என்று முடித்தார்.

மறு ஆண்டு, பாடத்துக்கு அனுமதி கேட்டு நிர்வாகக் குழுவின் முன் நின்றார். பனியன் கம்பெனி நடத்தும் நம் செயலர் மறுக்கும் முடிவோடுதான் வந்திருந்தார்.

“வெள்ளைக்காரன் படிக்கறதெல்லாம் நம்ம புள்ளைங்களுக்கு எதுக்குங்க?”

“அவங்க படிவம் பெருமாநல்லூருக்கே ஆகலீங்க. அதனாலதான் நாமளே எழுதோணும்னு கேக்கறேன்.”

செயலர் தாளைப் புரட்டினார். விலையைக் கண்டதும் பிறவிக்குணம் முந்திக்கொண்டது.

“நூத்திப்பதினாறு ஜாஸ்திங்கம்மா. எம்பது போடுங்க.”

“எம்பதுக்கு உங்க கம்பெனி ஹெல்பரே எட்டு மணி நேரந்தானுங்க நிப்பாங்க.”

“சரி, தொண்ணூறு.”

“தொண்ணூத்தாறு. அதுக்குக் கீழ கட்டாதுங்க.”

“போகட்டும், தொண்ணூத்தாறு.”

“வெல படிஞ்சுதுங்களே. கையெழுத்துப் போடுங்க.”

நம் சந்தை வழக்கம் யாவரும் அறிந்ததே. வேண்டாதவர் விலை குறைத்துக் கேட்பதில்லை. கேட்டு, படிந்துவிட்டால், சரக்கை விட்டுவிட்டுப் போவதில்லை. குழு சிரித்தது. செயலர் சிரிக்காமல் பேனாவைத் திறந்தார். சொன்ன சொல்லில் பின்வாங்கியவர் என்ற பெயரை அவர் குடும்பம் இதுவரை வாங்கியதில்லை. அம்மையாரோ இன்றளவும் வகுப்பில் நூற்றுப் பதினாறு என்றே நடத்துகிறார்; பேரம் வேறு, ஆய்வு வேறு என்பது அவர் நெறி.

கோபம் அவருக்கு உண்டு. அது தவறான கூட்டலின் மீதே பாயும். ‘ஏறத்தாழ’ என்று எழுதிய மாணவியை வெயிலில் மீண்டும் அதே தெருவுக்கு அனுப்புவார். தாமும் கூடவே நடப்பார். போன மாதம் செயலர் அவரைச் சந்தித்து, பொன்னாடையோடு பரிசாக என்ன வேண்டும் எனக் கேட்டார். அம்மையார் கேட்டது ஓர் ஆசிரியர் பணியிடம். செயலர் “பாக்கலாங்க” என்றார். அந்தச் சொல்லுக்கு இவ்வூரில் உள்ள பொருளை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

கண்ணொளி குன்றாமல், கால்வலி காணாமல், கணக்குப் பார்க்கத் தேவையில்லாத காலைகளோடு அம்மையார் நெடிது வாழ்க என வேண்டும்,
ஆசிரியர்கள், அலுவலர்கள்
திருப்பூர், 31.5.2008

இணைப்பு: பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல்
நிரப்பிய படிவங்கள் 3,260: ஒப்படைக்கப்பட்டன.
பீரோச் சாவி 2: ஒப்படைக்கப்பட்டன.
ஜூனில் பாடம் கேட்டிருக்கும் மாணவியர் 41: பட்டியல் ஒப்படைக்கப்பட்டது.
பெற்றுக்கொண்ட மகளிரியல் ஆசிரியரின் பெயரும் கையொப்பமும்: வரவேண்டியது 1.