உறைக்குள் வைத்த குதிரை

இட்லிக் குண்டானுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. குக்கர் மாதிரி விசில் அடித்து ஊரைக் கூட்டாது. ராத்திரி ஒன்றரை மணிக்கு அடுப்பில் ஏற்றினாலும் மாடியில் தூங்குகிறவர்களுக்குத் தெரியாது. இப்போதும் அது அடுப்பில்தான் இருக்கிறது. தண்ணீர் சூடாவதற்குள் போன வருஷம் நடந்ததை எழுதி முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் என் தம்பி இளமாறன். அவனுக்குத் தமிழ் படிக்க வராது. படிக்க வந்தால் நாளைக் காலைக்குள் ரிச்சர்ட்சன் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

என் பெயர் வெண்பா. வயது பதினாறு. ஈரோட்டிலிருந்து டெக்சஸுக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. அப்பா வெங்கடாசலம் டெலிகாம் கம்பெனியில் இன்ஜினியர். பெயரில் ஏழுமலையானையே வைத்துக்கொண்டு சாமியே கிடையாது என்பார். கல்யாணப் பத்திரிகையில்கூடப் பிள்ளையார் சுழி போடவிடாதவர். அதனால்தான் எங்களுக்கு வெண்பா, இளமாறன் என்று பெயர். அம்மா புஷ்பவல்லிக்கு அலமாரியில் அரிசி மூட்டைக்கு மேலே ஒரு தட்டு ஒதுக்கப்பட்டது. அங்கே பிள்ளையாரும் பழனி முருகனும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். அந்தத் தட்டுப் பக்கம் அப்பா பார்க்க மாட்டார். இது அவர்களுக்குள் ஒப்பந்தம்.

அப்பாவுக்குப் பக்கத்து கியூபிக்கிளில் நிஷிமுரா அங்கிள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர்தான் அப்பாவுக்கு ஷோகி சொல்லிக்கொடுத்தார். ஷோகி என்றால் ஜப்பான்காரர்களின் சதுரங்கம். பெரிய வித்தியாசம் ஒன்றே ஒன்று. வெட்டிய காயைப் பெட்டியில் போட மாட்டார்கள். வெட்டியவர் அதைக் கையில் வைத்திருந்து, வேண்டும்போது தன் காயாகப் பலகையில் இறக்கிவிடலாம். நேற்றுவரை உங்கள் குதிரை, இன்றைக்கு உங்கள் ராஜாவுக்கே எமன்.

நாளடைவில் ஏழு பேர் சேர்ந்து ஒரு கிளப் ஆனது. கிளப்புக்கு ஒரு பட்டம். ஜப்பானில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பட்டத்துக்கு ஆடும்போது ஓர் ஆட்டம் இரண்டு நாள் நடக்குமாம். நிஷிமுரா அங்கிளுக்கு அவர் அண்ணன் தபாலில் அனுப்பும் பேப்பர் கட்டிங்கைப் பார்த்து, இவர்களும் அப்படியே செய்தார்கள். மூன்று மணிக்குச் சிற்றுண்டி. அங்கே என்னவோ கேக் கொடுப்பார்களாம், இங்கே அம்மாவின் பணியாரம். ஒவ்வொரு நகர்வையும் குறித்து, நேரம் குறையக் குறைய நொடி எண்ணிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஒன்பது மணி நேரம் முட்டி போட்டு உட்கார்ந்து அதைச் செய்தது நான்.

முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு யார் முறையோ, அவர் அடுத்த நகர்வைப் பலகையில் ஆடக் கூடாது. நான் வரைந்து கொடுக்கும் படத்தாளில் சிவப்புப் பேனாவால் அதைக் குறித்து உறையில் போட்டு ஒட்ட வேண்டும். ஒட்டின இடத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து யோசித்து யாரும் ஏமாற்றக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. மறுநாள் காலையில் நடுவர் உறையைக் கத்தரிப்பார். ஆட்டமே தெரியாது என்பதால் அம்மாதான் நடுவர்.

போன வருஷம், தொண்ணூற்றேழு அக்டோபரில், இறுதி ஆட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. அதற்கு முந்தைய மூன்று வருஷமும் அப்பா நிஷிமுரா அங்கிளிடம் தோற்றிருந்தார். அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"ஏனுங்க, இந்த வாட்டியும் தோத்தீங்கன்னா அந்தப் பலகைய கராஜ் சேல்ல வெச்சுருவேன். அப்பறம் சனிக்கெழமையான அம்மிணிய இர்விங்குக்கு டான்ஸ் கிளாஸ் கூட்டிட்டுப் போகோணும்."

"சரி புஷ்பா, வாக்கு," என்றார் அப்பா.

எனக்குப் பரதநாட்டியம் ஆகாது என்பதற்கும் நான் செய்ததற்கும் சம்பந்தமில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆறு மணிக்கு அப்பா முறை. கோட்டு மாட்டும் அறைக்குள் தாளும் பேனாவுமாகப் போனவர் பன்னிரண்டு நிமிஷம் கழித்து வெளியே வந்தார். உறையை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது, வீட்டில் யாரும் கை வைக்காத ஒரே இடம் சாமித் தட்டுதான் என்றாள் அம்மா. நிஷிமுரா அங்கிளுக்கும் அது சரியாகப் பட்டது. அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

அன்றைக்கு ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு நான் பார்க்க மட்டும்தான் நினைத்தேன். ஆவியில் காட்டினால் பசை இளகும், பால் பாயின்ட் பேனாக் கையெழுத்துக்கு ஒன்றும் ஆகாது. ஸ்கூலில் கெமிஸ்ட்ரி எடுப்பதால் இதெல்லாம் தெரியும். உள்ளே அப்பாவின் அம்புக்குறி. பறக்கும் தேர் என்று ஒரு பெரிய காய் உண்டு. அதைப் பத்திரமாகப் பின்னால் இழுத்திருந்தார். அப்படி இழுத்தால் ஆட்டம் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும், அப்பா தோற்று. ஒன்பது மணி நேரம் கால் மரத்துப்போய் அந்தப் பலகையையே பார்த்தவளுக்கு இது கூடவா தெரியாது. தேர் போனால் போகட்டும் என்று விட்டு, கையில் இருக்கும் குதிரையை எதிரி ராஜாவுக்கு இரண்டு வரிசை முன்னால் இறக்க வேண்டும்.

என்னிடம் மிச்சப் படத்தாள் இருந்தது. சாமித் தட்டுக்குக் கீழே, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவால் குதிரையை இறக்கினேன். சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டினேன். கையெழுத்துகள் கோட்டுக்குக் கோடு பொருந்தின. அப்பாவின் தாளைக் குப்பையில் போட்டால் யாராவது பார்ப்பார்கள். அதனால் சாப்பிட்டுவிட்டேன். இட்லிப் பொடி தொட்டுக்கொண்டால் அவ்வளவு மோசமில்லை.

மறுநாள் காலை அம்மா உறையைக் கத்தரித்துத் தாளைப் பிரித்தாள். பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணில் தண்ணீர்.

"ஏனுங்க... சுழி போட்டிருக்கறீங்க."

எந்தத் தாளில் பேனா வைத்தாலும் மேலே பிள்ளையார் சுழி போட்டுவிட்டு ஆரம்பிப்பது அம்மா எனக்குப் பழக்கியது. அப்பாவுக்குக் கொடுக்கும் படத்தாளில் மட்டும் கவனமாகப் போட மாட்டேன். அன்றைக்குப் பிள்ளையாருக்கு அடியிலேயே உட்கார்ந்து எழுதியதில் கை தானாகப் போட்டுவிட்டது. சிவப்பு மையில், பெரிதாக, உ.

"வெங்கட்-சான், வாட் இஸ் திஸ் மார்க்?" என்றார் நிஷிமுரா அங்கிள்.

"காட், காட்," என்றாள் அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எலிஃபென்ட் காட். ஃபர்ஸ்ட் ஹிம், தென் எவ்ரிதிங்."

அப்பா சுழியைப் பார்த்தார். குதிரையைப் பார்த்தார். பலகை, பணியாரச் சட்டி, சீலிங் ஃபேன் எல்லாவற்றையும் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. இல்லை என்று சொன்னால் ஆட்டமும் போகும், பக்கத்து கியூபிக்கிள்காரர் முகத்தில் இனி விழிக்கவும் முடியாது. அம்மாவின் கண்ணீருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

"யெஸ்," என்றார். "அவர் கஸ்டம்."

நிஷிமுரா அங்கிள் எழுபது நிமிஷம் யோசித்தார். இரண்டரை மணிக்குத் தலை தாழ்த்தித் தோல்வியை ஒத்துக்கொண்டார். அப்படி ஒரு நகர்வைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

சின்னச் சின்னப் பின்விளைவுகள் இருந்தன. சுழியைப் பார்த்த கையோடு அம்மா பழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். "சுழி போட்ட மனுசனுக்கு மொட்டை போட என்னங்க?" என்று கேட்டால் அப்பா என்ன சொல்ல முடியும். பாத்டப்பில் உட்கார வைத்து டிரிம்மரால் அம்மாவே அடித்தாள். வாசலில் நின்று பார்த்த இளமாறன், "வை இஸ் அப்பா ஷைனி?" என்றான். ஆபீசில் அப்பாவுக்கு ஏதோ பெரிய வியாதி என்று நினைத்துவிட்டார்கள். இரண்டு வாரத்துக்கு யாராவது லசான்யா கொண்டுவந்தபடி இருந்தார்கள். எங்கள் ஃப்ரீசரில் இன்னும் ஒரு டிரே இருக்கிறது. நிஷிமுரா அங்கிள் டோக்கியோவுக்கு அனுப்பும் ஃபேக்ஸில்கூட மேலே உ போட ஆரம்பித்தார். கிளப்பில் இப்போது ஏழு பேரும் போடுகிறார்கள்.

அப்பாவோ அந்தக் குதிரையைப் பற்றி யாராவது கேட்டால், "மத்தியானத்துல இருந்தே மனசுல வெச்சிருந்தேன்," என்பார். அவர் மத்தியானத்திலிருந்து தேரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குறிப்பு எடுத்தவள் நான். ஆனால் பத்துத் தடவை சொன்ன பிறகு அவர் அதை நம்பிவிட்டார் என்றே நினைத்தேன். நல்லதாகப் போயிற்று என்று நானும் விட்டுவிட்டேன்.

தண்ணீர் கொதிக்கிறது. ஒரு நிமிஷம்.

இன்றைக்கு இந்த வருஷத்து இறுதி ஆட்டத்தின் முதல் நாள். அதே இரண்டு பேர். இன்றும் ஆறு மணிக்கு அப்பா முறைதான் வந்தது. கோட்டு அறைக்குள் போனவர் அரை நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டார். அதுதான் எனக்குப் பயமாகப் போய்விட்டது. அவசரத்தில் ஏதாவது உளறி வைத்திருப்பாரோ என்று. திருத்தும் எண்ணமெல்லாம் இல்லை. போன வருஷத்தோடு அதை விட்டாயிற்று. சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒட்டிவிடலாம் என்றுதான் குண்டானை ஏற்றினேன்.

இப்போது பிரித்துவிட்டேன்.

உள்ளே இருப்பது நான் வரைந்து கொடுத்த படத்தாள். காயைச் சுற்றி வட்டம் இல்லை. அம்புக்குறி இல்லை. ஒரு காயும் நகரவில்லை. மேலே நடுவில் மட்டும், வாழ்க்கையில் முதல் தடவையாகப் போடுகிறவர் கையால், சிவப்பு மையில் கோணலாக ஒரு உ. மிச்சத்தை யார் எழுதுவார்கள் என்று தெரிந்தவர் போட்ட உ.

மாடிப் படியில் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. யாரும் வரவில்லை. அப்பாவின் குறட்டையும் கேட்கவில்லை. ஒரு மணி நேரமாகவே கேட்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

வெற்றுத் தாள் என்றால் விதிப்படி தோல்வி. ஆனால் அப்பா போட்ட அந்த உ-வை நான் எப்படியும் கிழித்துப் போட முடியாது. மத்தியானம் மூன்று மணிக்கு, வாயில் பணியாரத்தோடு நிஷிமுரா அங்கிள் தங்கம் என்கிற காயை நகர்த்தியபோதே, அப்பா கையில் இருக்கும் வெள்ளி என்கிற காயை எங்கே இறக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது உண்மைதான். தெரிந்திருப்பது ஒரு குற்றமில்லை. போன வருஷம் செய்தது நான்தான். உறையைத் திறந்தது, தாளை மாற்றியது, பழையதைத் தின்றது, எல்லாம் நான்தான். அப்பாவுக்காகச் செய்தேன். மறுபடி செய்கிற ஆள் நான் இல்லை. முதல் வரியிலிருந்து இதையெல்லாம் சிவப்புப் பேனாவால் எழுதியிருக்கிறேன் என்றால், கீழே இறங்கி வரும்போது கைக்கு அகப்பட்டது அது ஒன்றுதான், அவ்வளவுதான்.