துரைக்கு எதிராக ஒரு கப்பல்

நானுஓயாவில் ரயிலை விட்டிறங்கி நுவரெலியா பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். முன் இருக்கையில் இரண்டு பேர். மடியில் பாண் ரொட்டிப் பொட்டலம் வைத்திருந்தவர் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவின் சமையல்காரர். பக்கத்திலிருந்தவர் அதே தோட்டத்தின் ஆலையான ஸ்டோரில் தேயிலை அரைப்பவர்.

“எனக்கு சீமையிலேருந்து ஒரு கப்பல் வருது, தம்பி,” என்றார் சமையல்காரர்.

“எவ்வளவு பெருசுண்ணே?”

“என் கை நீளம் இருக்கும். பாய் கட்டுனது. கரையில நின்னு ரேடியோப் பெட்டியில குச்சிய அசைச்சா குளத்துல அது திரும்பும். தொரைக்கு ஒன்னு. போட்டி போட ஆள் வேணுமாம், அதனால எனக்கும் ஒன்னு.”

“தொரைகூடவா?”

“ஞாயித்துக்கெழம தோறும்.”

ஸ்டோர்க்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“செயிச்சிராதீங்கண்ணே.”

“அது தெரியாதா எனக்கு? பொஸ்தகத்துல ரெண்டு படத்தக் காட்டி, ஒனக்கு எது வேணும்னாரு. எதுங்க வேகமாப் போகும்னு மொதல்லயே கேட்டுக்கிட்டேன். நீளமானதுதானாம். குட்டையானதத் தொட்டேன்.”

“நல்ல வேல செஞ்சீங்க.”

“எங்க? தொரைக்கு மனசு எளகிப்போச்சு. நீ புதுசாப் பழகுறவன், நீளமானத நீயே வச்சுக்கன்னு சீமைக்கு எழுதிப் போட்டுட்டாரு.”

பஸ் வளைவில் திரும்பியது. சமையல்காரர் பாணைச் சாயாமல் பிடித்துக்கொண்டார்.

“ஒன்னு செய்ங்கண்ணே. கப்பல எறக்கி விட்டுட்டு, பெட்டியத் தொடாம சும்மா நின்னுருங்க.”

“அதையும் கேட்டுப் பாத்தேன். தொடாம விட்டா நேராப் போயி செயிச்சிருமாம்.”