வலப்பக்கத்துப் பதிவு

படங்களை வரிசையாக அடுக்குவது எனக்குப் பிடித்த வேலை. குடை, கத்தரிக்கோல், தோசைக்கல், யாரென்றே தெரியாத முகங்கள் என்று மொத்தம் முந்நூறு. சிலவற்றை இரண்டு முறை காட்டுவோம். ஏற்கெனவே பார்த்ததென்றால் நோயாளி பொத்தானை அழுத்த வேண்டும். அந்த நொடியில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பதிவு செய்வதுதான் என் ஆராய்ச்சி. விசாரணைக் குழுவில் இருக்கும் உங்களுக்கு இது தெரிந்திருக்கும்.

அஞ்சலாட்சி கனகசெட்டிக்குளத்தில் மீன் விற்பவர். வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடிக்க, டாக்டர் அவர் மூளையின் இரண்டு பக்கமும் மெல்லிய கம்பிகளைச் செருகியிருந்தார். அந்தப் பத்து நாட்களில் தினம் ஒரு மணி நேரம் எனக்குக் கொடுத்தார்கள்.

"இத்த நேத்தே காட்டுனியேம்மா, எனக்கு என்னா மறதியா?" என்று சிரிப்பார். எட்டு மாதக் குழந்தை அபியை மடியில் போட்டுக்கொண்டே பொத்தானை அழுத்துவார். ஏறக்குறைய எல்லாமே சரியாக இருக்கும். எனக்கு அவரை நிஜமாகவே பிடித்திருந்தது.

ஆறாம் நாள் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தேன். நினைவைப் பதியவைக்கும் பகுதி மூளையின் இரண்டு பக்கமும் உண்டு; பார்த்த படம் வந்தபோதெல்லாம் வலப்பக்கத்துப் பதிவு துள்ளியது. இடப்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஸ்கேனில் பழுதில்லாமல் தெரிந்தாலும் இடப்பக்கம் எப்போதோ செயலிழந்திருந்தது. வலிப்பும் வலப்பக்கத்திலிருந்துதான் கிளம்பியது. இடப்பக்கம் சமாளித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில், வலப்பக்கத்துப் பகுதியை வெட்டி எடுக்க டாக்டர் தேதி குறித்தார்.

நான் வாய் திறக்கவில்லை. ஆராய்ச்சி முடியும்வரை பதிவுகளைச் சிகிச்சைப் பிரிவுக்குக் காட்டக் கூடாது என்று படிவத்தில் ஒரு வரி இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டிருந்தேன். டாக்டரின் அறை என் அறைக்கு நேர் எதிரே. கதவு திறந்தே கிடக்கும். எட்டு நாள் அந்த வழியாகத்தான் டீ குடிக்கப் போனேன்.

அறுவைக்கு முந்தின நாள் அஞ்சலாட்சியின் கணவர் வடிவேல் என்னிடம் வந்தார். "படிச்ச பொண்ணு, நீ சொல்லும்மா. பயம் ஒண்ணும் இல்லல்ல?"

"டாக்டர் நல்லா செய்வாருண்ணே" என்றேன். பொய் இல்லை. டாக்டர் நன்றாகத்தான் செய்தார். வலிப்பு அடியோடு நின்றுவிட்டது.

அன்றிலிருந்து அஞ்சலாட்சிக்குப் புதிதாக எதுவும் மனதில் தங்குவதில்லை. அபிக்கு இப்போது நான்கு வயது. அவருக்கு அவள் இன்னும் எட்டு மாதக் குழந்தைதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அதே படங்களைக் காட்டிப் பதிவு எடுக்க அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். போன முறை அபி பள்ளிச் சீருடையோடு ஓடி வந்து அம்மா மடியில் ஏறினாள்.

"யாரூட்டுப் புள்ளடி நீ? எம்புள்ள தூங்குது, சத்தம் போடாத" என்று இறக்கிவிட்டார்.

குழந்தை அழவில்லை. பழகிவிட்டது போலிருக்கிறது. வடிவேல் என்னைப் பார்த்து, "ஒண்ணுமே பண்ண முடியாதாம்மா?" என்றார். முடியாது என்றேன்.

டாக்டரிடம் சொல்ல மறந்துவிட்டேனா, பயந்துவிட்டேனா என்று கேட்கிறீர்கள். இரண்டும் இல்லை. ஒரே மனிதரிடம், அந்தப் பகுதி இருந்தபோதும் போன பிறகும் எடுத்த பதிவு வேறு யாரிடமும் இருப்பதாக நான் படித்ததில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது. தெரிந்தேதான் வெட்டவிட்டேன்.

அஞ்சலாட்சிக்கு எந்த வருத்தமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டு வாழ வேண்டியவள் நான். நீ எப்படி இருக்கிறாய் என்று இதுவரை ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை.