உப்புநீர் ஊசி

அன்று சமையலறையில் இருந்தவர்கள்: அம்மா, பெரிய தம்பி, சின்னத் தம்பி, நான். வீட்டில் நாற்காலி மூன்றுதான். அதனால் நான் நின்றுகொண்டே ஊசி போட்டேன்.

எனக்கு ஆய்வுக்கூடத்தில் இரவு வேலை. பிறவியிலேயே இரத்தத்தில் கொழுப்பு ஏறும்படி மரபணுவைத் திருத்தி உண்டாக்கிய பன்றிகளைப் பார்த்துக்கொள்வேன். கால்நடை மருத்துவத்தை இரண்டாம் ஆண்டில் விட்டவனுக்கு அதுவே அதிகம். "எங்க அண்ணன் பன்னிக்கு ஆயா வேலை பாக்குறாரு" என்று சின்னவன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். அம்மாவும் சிரிப்பாள். அதில் எனக்கு வருத்தமில்லை.

அந்தப் பன்றிகளுக்கு இருப்பது எங்கள் குடும்ப நோய். அப்பா முப்பத்தொன்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனார். தம்பிகள் இருவருக்கும் குதிகாலுக்கு மேலே கொழுப்பு சேர்ந்த மஞ்சள் கட்டிகள். எனக்கு மட்டும் வரவில்லை. புது மருந்து போட்ட பன்றிகளுக்குக் கொழுப்பு பாதியாக இறங்கியதை வீட்டில் சொன்னேன். தங்களுக்கும் வேண்டும் என்று இருவரும் கேட்டார்கள். எட்டுக் குப்பி எடுத்து வந்தேன். மாதம் ஒரு ஊசி, ஆளுக்கு நான்கு. இருவருக்கும் போதும்.

ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது, ஐயா. பன்றிகளில் பாதிக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புநீர். இல்லாவிட்டால் எதனால் இறங்கியது என்று எப்படிச் சொல்வது? அதனால் ஒருவனுக்கு மருந்து, ஒருவனுக்கு உப்புநீர். யாருக்கு எது என்பதை நான் தீர்மானிக்கவில்லை. அறையில் தனியாக உட்கார்ந்து, சீட்டெழுதிக் குலுக்கினேன். கொழுப்புக்கு அதுவரை போட்டுவந்த மாத்திரைகளை இருவரையும் நிறுத்தச் சொன்னேன். அதுவும் சேர்ந்தால் முடிவு குழம்பும்.

முதல் ஊசி போட்ட மறுவாரமே, "இப்பல்லாம் மாடி ஏறினா மூச்சு வாங்கலண்ணா" என்றான் சின்னவன். அதையும் நோட்டில் எழுதினேன். இருவரின் இரத்தத்தையும் பன்றிகளின் இரத்தத்தோடு பரிசோதனைக்கு அனுப்பினேன். பெரியவனுக்கு இறங்கியது. சின்னவனுக்கு ஏறிக்கொண்டே போனது. அவ்வளவு தெளிவான முடிவு பன்றிகளிடம்கூட வந்ததில்லை.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு, தண்ணீர்க் கேனோடு மாடி ஏறும்போது விழுந்தவன் எழவில்லை. இருபத்தாறு வயது. அவன் பங்குக் குப்பிகள் நான்கும் பிரிட்ஜில் அப்படியே இருக்கின்றன.

சற்றுமுன் பெரியவனை இந்தக் காவல் நிலைய அறைக்குள் விட்டீர்கள். சீட்டு விஷயத்தை நீங்கள் சொல்லியிருப்பீர்கள் போல. என் எதிரில் உட்கார்ந்தான்.

"சீட்டுல அவன் பேரு வந்ததுக்கு நீ என்னண்ணா பண்ணுவ" என்றான்.

உண்மையைப் பதிவு செய்வதுதான் முறை.

"உப்புத்தண்ணிச் சீட்டுல வந்தது உன் பேருடா. நான்தான் மாத்தினேன்."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. எழுந்தான். கடைசி இரத்தப் பரிசோதனை பாக்கி இருப்பதை நினைவுபடுத்தினேன். திங்கட்கிழமை காலை, வெறும் வயிறு. திரும்பிப் பார்க்காமல் வெளியே போய், காவலரிடம், "பூட்டிருங்க" என்றான்.

பூட்டினார்கள்.