உறவின்றி வந்து உறவாகி நிற்கும் மடிப்பக்காவுக்குச் சலவைக் கூடத்தார் சூட்டும் மடல்

வெள்ளைத் துணியும் வெந்நீரும் வியர்வையும் விலகாத இக்கூடத்தில், முப்பத்தோராண்டுகள் முகம் சுளிக்காமல் உழைத்து, கறைபட்டு வந்ததையெல்லாம் கறை நீக்கிக் கௌரவமாய்த் திருப்பி அனுப்பிய கரங்களுக்கு உரியவரே, மருத்துவமனைச் சலவைப் பிரிவின் மேன்மைமிகு மேற்பார்வையாளரே, மடிப்பின் மாண்பை எங்களுக்கு உணர்த்திய மங்காப் புகழுக்குரியவரே, எங்கள் அன்பு மடிப்பக்கா அவர்களே,

பணி நிறைவு பெறும் இந்நன்னாளில், தங்களோடு உழைத்த பன்னிரண்டு பேரும் ஒருமனதாய் நின்று, நெஞ்சம் நெகிழ, நன்றி பெருக வாசித்தளிக்கும் மடல் இது.

'தாங்கள்' என்று தொடங்கிவிட்டோம். இதைக் கேட்டதும், பின்னால் யாரோ அதிகாரி நிற்கிறாரோ என்று நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே இனி 'நீங்கள்' என்றே எழுதுகிறோம். எழுதியவர் கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் தையல்காரர். சொன்னவர்கள் நாங்கள் அனைவரும். எங்கேனும் தையல் பிரிந்திருந்தால் பழி அவருக்கே.

உங்களைப் பற்றி நாங்கள் அறிந்ததெல்லாம் விரிப்பு மடிக்கும் மேசையருகில் அறிந்ததுதான். படுக்கை விரிப்பை ஒருவர் தனியாக மடித்தால் உங்களுக்குப் பிடிக்காது. இரண்டு முனையை நீங்கள் பிடிப்பீர்கள். மற்ற இரண்டை எங்களில் ஒருவர் பிடிக்க வேண்டும். எட்டிப் போய், கிட்டே வந்து, மறுபடி எட்டிப் போய், ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. அத்தனை தடவை முகத்துக்கு முகம் வந்த பிறகு மனிதர்கள் எப்படிப் பேசாமல் இருப்பது? நீங்களும் பேசினீர்கள். ஒரு விரிப்புக்கு ஒரு வாக்கியமாக, பல வருடங்களில், உங்கள் கதை எங்களுக்கு வந்து சேர்ந்தது.

பிறந்த அன்றே தாயை இழந்தவர் நீங்கள். வேலை தேடிப் போன தகப்பன் திரும்பவில்லை. பெரியப்பா வீடு, அத்தை வீடு, மாமா வீடு என்று ஐந்து வீடுகளில் வளர்ந்தீர்கள். யாரும் பட்டினி போடவில்லை, யாரும் அடிக்கவில்லை. அதை நீங்கள் சொல்லாமல் விட்டதே இல்லை. ஆனால் விருந்தாளி யாராவது வந்து "இது யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டால், "நம்மகூட இருக்கற பொண்ணு" என்பதுதான் ஐந்து வீடுகளிலும் பதில். அத்தை மகள் கல்யாணத்தில் படம் எடுப்பவர் எல்லோரையும் வரிசையாக நிறுத்தியபோது, "நீ மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லும்மா, இது குடும்பப் படம்" என்று அத்தையே சொன்னாராம். "தப்பு ஒண்ணும் இல்ல, படத்துல இடம் பத்தல" என்று நீங்கள் எங்களிடம் சமாதானம் சொன்னீர்கள். சொல்லிவிட்டு, கையிலிருந்த விரிப்பை வழக்கத்தைவிட இறுக்கமாக மடித்தீர்கள்.

இருபத்தேழு வயதில் இங்கே வேலைக்கு வந்தீர்கள். சேர்க்கைப் படிவத்தில், அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது. "யார் பேராவது எழுதும்மா, காலியா விடக்கூடாது" என்றார் அலுவலக எழுத்தர். "எழுத யாரும் இல்லீங்க" என்றீர்கள். அவர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுக் கோப்பை மூடினார்.

இரண்டாம் ஆண்டில், மருத்துவமனை வாசலுக்கு எதிரே தகரக் கூரையோடு நிற்கும் சிறிய ஆலயத்தில் அப்பமும் ரசமும் வைக்கும் திருவிருந்து மேசையின் விரிப்பு, நம் அழுக்கு மூட்டைகளோடு கலந்து வந்து சேர்ந்தது. நோயாளி ஒருவருக்காக ஜெபிக்க வந்த போதகர் அதை ஒரு பையோடு வார்டில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். துணியில் திராட்சை ரசக் கறை. பல வருடத்துப் பழங்கறை. அதை நீக்க உங்களுக்கு மூன்று நாள் பிடித்தது. நீக்கி, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து, கத்தி முனை போல் மடித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்துப் போனீர்கள்.

கொடுத்துவிட்டுத் திரும்புவதுதான் எண்ணம். ஆனால் பாட்டு ஆரம்பித்திருந்தது. வாசலில் வாங்கிக்கொள்ள ஆளில்லை. கடைசி பெஞ்சில் இருந்த தச்சர் ஒருவர் உங்களைப் பார்த்தார். "நின்னுட்டே இருக்கீங்களே, உக்காருங்கம்மா" என்று நகர்ந்து இடம் விட்டார். நீங்கள் யார் என்று அவர் கேட்கவில்லை. ஆராதனை முடிந்ததும் போதகரின் மனைவி விரிப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது இவ்வளவு வெள்ளைனு எங்களுக்கே தெரியாது. அடுத்த வாரமும் நீங்களே வந்து விரிச்சுத் தரீங்களா?" என்று கேட்டார்.

போனீர்கள். சாமி கும்பிடப் போகவில்லை, துணி விரிக்கத்தான் போனேன் என்று நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு வருடம் வாரந்தவறாமல் விரித்தீர்கள், கதவோரம் உட்கார்ந்தீர்கள், கடைசி ஜெபம் முடியும் முன் எழுந்து வந்துவிட்டீர்கள். இருந்தால் யாராவது பக்கத்தில் வந்து, யார் வீட்டுப் பொண்ணு என்று கேட்டுவிடுவார்களே என்ற பயம்.

நான்காம் ஆண்டில் அந்த விபத்து நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, உருளை இஸ்திரி இயந்திரத்துக்குப் போகும் நீராவிக் குழாயின் இணைப்பு விட்டுக்கொண்டது. அறையில் ஆறு பேர். மற்ற ஐவரும் கதவைப் பார்த்து ஓடினோம். நீங்கள் குழாயைப் பார்த்து ஓடினீர்கள். நீராவிக்குள் கையை விட்டு அடைப்பானைத் திருகி மூடினீர்கள். ஐவருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. உங்கள் இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்து போயிற்று.

இதே மருத்துவமனையின் முதல் மாடி வார்டில் படுத்தீர்கள். கோப்போடு வந்த தலைமைச் செவிலியர், "யாருக்குச் சொல்லி அனுப்பணும்?" என்று கேட்டார். "யாருக்கும் இல்ல சிஸ்டர்" என்றீர்கள். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்து மேசை விரிப்பில்லாமல் இருந்தது. தச்சர் அதைக் கவனித்துச் சொல்ல, போதகரின் மனைவி தெருவைக் கடந்து வந்து வாசல் காவலரிடம் விசாரித்தார். அன்று மாலை நான்கு மணிக்கு வார்டு வாசலில் பதினொரு பேர் நின்றார்கள்.

"ஒரு நேரத்துல ரெண்டு பேருக்கு மேல விடமாட்டோம்" என்றார் தலைமைச் செவிலியர். "அதுவும் சொந்தக்காரங்க மட்டும்தான். நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"அண்ணன்" என்றார் தச்சர்.

"நீங்க?"

"நானும் அண்ணன்தான்" என்றார் ஆலயத்துக்கு வரும் வேன் ஓட்டுநர் ஒருவர்.

"அண்ணி" என்றார் போதகரின் மனைவி. அவருக்குப் பின்னாலிருந்து பாடகர் குழுப் பெண் ஒருத்தி, கேட்பதற்கு முன்னமே, "தங்கச்சி" என்றாள்.

செவிலியர் கோப்பைப் புரட்டினார். "இந்தம்மாவுக்கு யாருமே இல்லைனு எழுதியிருக்கு. இங்க பதினொரு பேர் நிக்கறீங்க. நான் எதை நம்பறது?"

"எழுதினது தப்பு சிஸ்டர், திருத்திடுங்க" என்றார் தச்சர்.

கட்டிலில் கண்ணை மூடியபடி இவை அத்தனையும் நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். இரண்டிரண்டு பேராக உள்ளே வந்தார்கள். முதலில் வந்தவர்களிடம் என்ன பேசுவதென்று தெரியாமல், "இந்த விரிப்போட மூலைய எப்படி மடிச்சிருக்காங்க பாருங்க" என்று குறைபட்டீர்களாம். அவர்கள் போனபின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை எங்களில் இருவரிடம் மட்டுமே சொல்லியிருக்கிறீர்கள். இங்கே வாசிக்க உங்களிடம் அனுமதியும் பெற்றிருக்கிறோம். போதகர் ஜெபிக்கும்போது கடவுளை 'அப்பா' என்று கூப்பிடுவார். அந்தச் சொல் உங்கள் காதில் விழும், வாயில் வராது. அந்தச் சொல்லை அதுவரை நீங்கள் யாரையும் பார்த்துச் சொன்னதில்லை. சொல்ல ஆள் இருந்ததில்லை. அன்று சுவரைப் பார்த்தபடி ஒரு தடவை சொல்லிப் பார்த்தீர்கள். "மெதுவாத்தான் சொன்னேன்" என்றீர்கள் எங்களிடம். "யாரும் என்னைத் தள்ளி நிக்கச் சொல்லல."

கை ஆறியதும் ஞானஸ்நானம் பெற்றீர்கள். மறுநாள் அலுவலகத்துக்குப் போய்ப் பழைய படிவத்தைக் கேட்டு வாங்கி, அந்தக் கட்டத்தில் எழுத்தர் போட்ட கோட்டை அடித்துவிட்டு, எதிர்த்தெரு ஆலயம் என்று எழுதினீர்கள்.

"ஆலயம் எப்படிம்மா சொந்தக்காரரா ஆகும்?" என்றார் எழுத்தர்.

"கூப்பிட்டுப் பாருங்க, வருவாங்க" என்றீர்கள்.

அன்றிலிருந்து நாங்கள் கண்ட மடிப்பக்கா வேறொருவர். யார் வீட்டுப் பெண் என்று கேட்டவர்களுக்கு, ஆலயத்தைக் கைகாட்டி, "அந்த வீட்டுப் பொண்ணு" என்று நிமிர்ந்து நின்று சொன்னவர். அறுவை அரங்கத்திலிருந்து வரும் துணியைப் பிரிக்க முதலில் கையுறை மாட்டியவர். கொதிகலன் பழுதானால் குளிர்ந்த நீரில் முதலில் கை வைத்தவர். வெந்து ஆறிய தோலோடு, எவரும் மிஞ்ச முடியாத வேகத்தில் மடித்தவர். உங்கள் கோபத்தையும் சொல்லியாக வேண்டும்: கோணலாக மடித்த விரிப்பை நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் உதறிப் பிரித்துத் திரும்பக் கையில் கொடுக்கும்போது, நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருக்கும்.

உங்கள் விசுவாசத்தை எங்கள்மேல் ஒருநாளும் நீங்கள் திணித்ததில்லை. ஆனால் அது என்னவென்று ஒரு தடவை கண்ணால் கண்டோம். அது எங்களுக்குப் பெருமை தரும் கதை அல்ல. ஆனாலும் இந்த மடலில் அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், ஏழாண்டு சிறைவாசம் முடித்த ஒருவர் இங்கே இஸ்திரிக்காரராக வேலைக்குச் சேர்ந்தார். முதல் நாள் மதியம் சாப்பாட்டு பெஞ்சின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து, டப்பாவோடு தள்ளுவண்டிகள் நிற்கும் முற்றத்துக்குப் போய்விட்டோம். முதலில் எழுந்தவர், இம்மடலை எழுதிய தையல்காரர். நீங்கள் கை கழுவிவிட்டு வந்து, காலி பெஞ்சைப் பார்த்தீர்கள், எங்களைப் பார்த்தீர்கள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தீர்கள். "அங்க வெயில் அடிக்குமே, இங்க வாங்களேன்" என்றீர்கள். அவ்வளவுதான். யாரும் வரவில்லை. மறுநாளும் அதே வார்த்தை, அதே வெயில். பதினாறு நாள் நீங்கள் இருவர் மட்டுமே அங்கே சாப்பிட்டீர்கள். பதினேழாம் நாள் கொதிகலன்காரர், "எனக்கு வெயில் ஒத்துக்கல" என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பி வந்தார். பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். கடைசியாக வந்தவரும் தையல்காரர்தான்.

"ஏங்க்கா எங்கூட உக்காந்தீங்க?" என்று இஸ்திரிக்காரர் பிறகொரு நாள் உங்களைக் கேட்டார்.

"எனக்கு ஒருத்தர் நகர்ந்து இடம் விட்டாரு. அதுல கிடைச்சதுதான் எனக்கு எல்லாமே" என்றீர்கள்.

ஆலயத்துக்கு வா என்று நீங்கள் கூப்பிடவில்லை. ஒரு வருடம் கழித்து, "நானும் வரலாமா?" என்று அவரே கேட்டார்.

இம்மடலை இப்போது உங்கள் முன் வாசித்துக்கொண்டிருப்பவர் அந்த இஸ்திரிக்காரர்தான். வேறு யாராவது வாசிக்கட்டும் என்று இரண்டு நாள் மறுத்தார். இந்த இடம் வரும்போது குரல் தடுமாறும் என்றார். தடுமாறினால் நின்று, தண்ணீர் குடித்துவிட்டு, மேலே வாசிக்கும்படி சொல்லியிருக்கிறோம். அவசரம் ஒன்றும் இல்லை. இன்றைய துணியெல்லாம் காலையிலேயே மடித்து முடித்துவிட்டோம், மூலைகள் சரியாக.

அன்பு அக்கா அவர்களே, உடல் நலமும் உள்ள நலமும் ஒருங்கே பெற்று, உழைத்த கைகள் ஓய்வு கண்டு, நீண்ட நெடுங்காலம் நீங்கள் நிறைவாக வாழ வேண்டுமென்று எங்களில் ஒவ்வொருவரும் அவரவர் வழியில் வேண்டிக்கொள்கிறோம். ஆறு பேர் ஆலயத்தில் வேண்டுகிறோம், மூன்று பேர் கோயிலில், இருவர் பள்ளிவாசலில். கொதிகலன்காரர் மட்டும் தனக்கு வேண்டிக்கொள்ளத் தெரியாது என்கிறார். அவர் வரும் சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்து, ஒழுகுகிற அந்தச் சமையலறைக் குழாயைச் சரிசெய்து தருவார்.

என்றும் உங்கள் அன்பில் இணைந்திருக்கும்,
துவைப்போர், பிழிவோர், உலர்த்துவோர், இஸ்திரி போடுவோர், தைப்போர், தள்ளுவண்டி இழுப்போர், கொதிகலன் காப்போர்,
மருத்துவமனைச் சலவைக் கூடம்.