ஏப்ரலில் பூத்த வெள்ளைப் பூ

கோல்டன்ராட் செடி மஞ்சளாகத்தான் பூக்கும் என்று நினைத்திருப்பீர்கள், சார். எங்கள் வீட்டுக்குப் பின்னால், சுண்ணாம்புக்கல் மேட்டில் இருப்பது வெள்ளை. ஆகஸ்டில் பூக்கும். யாராவது அதை டெய்சி என்றால் என் கணவர் ஹால்வருக்குக் கோபம் வரும். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் செடிகொடிப் பாடம் நடத்தியவர்.

ஆறு வருஷமாக அவருக்கு மறதி நோய். என்னை வீடு புகுந்த திருடி என்பார். கதவைப் பூட்டினால் அடிப்பார். இந்த மணிக்கட்டு இரண்டு முறை முறிந்தது. முதியோர் இல்லத்தில் இடம் காலியானால் சொல்வதாகச் சொன்னார்கள். மினியாபொலிஸில் இருக்கும் மகள் மாரிட்டிடம் அழுதேன். "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, கோடை லீவுக்கு வர்றேன்" என்றாள். மூன்று கோடை போயிற்று.

அவர் மனதில் மிஞ்சியது அந்தப் பூ ஒன்றுதான். "பூத்திருச்சா?" என்று நாளைக்கு நாற்பது தடவை கேட்பார். இன்னும் இல்லை என்று நாற்பது தடவையும் சொல்வேன்.

வசந்தத்தில், ஏப்ரல் மாதம், மேட்டுப் புல்லுக்குத் தீ வைப்போம். காய்ந்தது எரிந்தால்தான் பூச்செடி தழைக்கும். செவ்வாய்க்கிழமை காலை, தீ வைக்கும் டென்னி ஆட்களோடு முன்பக்கம் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தான். அப்போதும் ஹால்வர் கேட்டார்.

"பூத்திருச்சு, உச்சியில நிறைய" என்றேன்.

கோட்டுக்குப் பித்தான் போட்டுவிட்டேன். காது மூடும்படி தொப்பியை இழுத்துவிட்டேன். பின்கதவைத் திறந்ததும் சின்னப் பிள்ளை மாதிரி மேட்டில் ஏறிப் போனார். ஜூனிப்பர் புதருக்குள் போய்விட்டால் கீழே நிற்பவர்களுக்கு ஆள் தெரியாது.

டென்னி வாசலில் வந்து நின்றான். "ஹால்வர் சார் எங்க, தோராம்மா? நாலு பக்கமும் கொளுத்தப் போறோம், வெளிய விட்டுடாதீங்க."

"தூங்குறார்ப்பா. நீ ஆரம்பி."

அவனைக் குற்றம் சொல்லாதீர்கள். நான் பொய் சொல்வேன் என்று இந்த ஊரில் யாருக்குத் தோன்றும்?

தடுக்க நேரம் இருந்ததா என்கிறீர்கள். இருந்தது. டென்னி என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். நான் சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாத்திரம் கழுவினேன். புகை உள்ளே வந்தால் திரைச்சீலையில் வாடை தங்கிவிடும்.

சத்தம் கேட்டதா என்றால், கேட்டது. "தோரா" என்று இரண்டு முறை கூப்பிட்டார். ஆறு வருஷத்தில் ஒருநாளும் அவர் வாயில் என் பெயர் வந்ததில்லை, சார். வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன்.