பிரஸ் மிஷின் மூச்சு வாங்காமல் இறங்கியது பற்றி

12.03.2025, புதன்கிழமை, காலை 9.40 மணி, வலது கையில் இரண்டு விரல்கள். இதைத்தான் முதலில் எழுதச் சொன்னேன். பெயர், வயது, விலாசம் முதலில் வர வேண்டும் என்று தலைமைக் காவலர் தனகோடி அவர்கள் சொன்னார். அவர் ஒவ்வொரு தொழில்நுட்பச் சொல்லுக்கும் பேனாவை நிறுத்தியதால், பிறகு தாளை வாங்கி நானே எழுதுகிறேன்.

பெயர் தமீம். வயது 26. த/பெ. அப்துல் லத்தீப். புதுப்பட்டினம், பள்ளிவாசல் தெருவில் வசிக்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. சிறு பட்டறைகளில் மிஷின் கன்ட்ரோல் பழுது பார்க்கிறேன்.

மறைமலைநகரில் கியாசுதீன் என்பவர் குழாயை இறுக்கும் ஹோஸ் கிளாம்ப் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறார். என் தந்தையின் நண்பர், எனக்கு மாமா முறை. அங்கே காற்றழுத்தத்தில் இயங்கும் பிரஸ் மிஷின் ஒன்று உள்ளது. பெடலை மிதித்தால் டை எனும் இரும்பு அச்சு மேலிருந்து இறங்கித் தகட்டை வளைக்கும். அதை இயக்கியது முப்பது வருடப் பழைய கம்ப்யூட்டர். பிப்ரவரி கடைசியில் அது செத்துவிட்டது. மாமா என்னை அழைத்து, "புதுசு மாத்த நாளாகும்டா. இன்னா பண்ணுவியோ பண்ணு, மிஷினு ஓடணும்" என்றார். நான் போனபோது மிஷின் நின்றிருந்தது. ஓடி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. முன்பக்கத் தடுப்பு வலையும் அப்போதே கழற்றி சுவரோரம் சாத்தப்பட்டிருந்தது.

அதன் பிறகு பழைய ஹார்ட் டிஸ்க்கை வீட்டுக்கு எடுத்துப் போய், அதிலிருந்த புரோகிராமை என் லேப்டாப்பில் எமுலேட்டர் போட்டு ஓட்டினேன். எமுலேட்டர் என்பது புதிய கம்ப்யூட்டருக்குள் பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் சாஃப்ட்வேர். உள்ளே ஓடும் புரோகிராமுக்கு வித்தியாசம் தெரியாது. பச்சை எழுத்துகள் அப்படியே வந்தன. படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். மாமா இதயக் குறி போட்டார்.

அந்தப் புரோகிராமில் ஒரு வரி இருந்தது. பெடல் மிதிபட்டதும் ஒன்றிலிருந்து ஆரம்பித்துச் சும்மா எண்ணு, எண்ணி முடித்ததும் டை இறங்கக் காற்று வால்வைத் திற என்பது அதன் பொருள். பார்த்தேன். எழுதியவன் சோம்பேறி, வேண்டாத வேலை என்று நினைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அதன் பிறகு 10.03.2025 திங்கட்கிழமை லேப்டாப்பைப் பட்டறையில் பொருத்தினேன். திரையில் எண்கள் திக்கித் திக்கி மாறின. எமுலேட்டர் எவ்வளவு வேகமான கம்ப்யூட்டராக நடிக்க வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். நான் உச்சத்தில் வைத்தேன். திக்கல் நின்றது. கூடவே அந்தச் சும்மா எண்ணுவதும் கண் இமைப்பதற்குள் முடிந்துபோனது. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். படித்த பாடம். டையில் தகடு வைக்காமல், கையைக் கட்டிக்கொண்டு, காலால் பெடலை மிதித்துப் பல முறை சோதித்தேன். ஒவ்வொரு முறையும் ஒழுங்காக இறங்கியது. சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அந்த மிஷினில் வேலை செய்பவர் பொன்னி. ஆரம்பத்திலிருந்தே அவர்தான். அன்று பத்துப் பதினைந்து கிளாம்ப் அடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இன்னா தமீமு, மிஷினு மூச்சே வாங்கமாட்டேங்குது?"

"பழசு தூங்கிகினு இருந்துச்சிக்கா. இப்பதான் முழிச்சிகினு கீது."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மூச்சு என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. பைக் சாவியைக் கையில் வைத்திருந்தேன்.

புதன்கிழமை நான் வேறு இடத்தில் வேலையில் இருந்தபோது மாமா போன் செய்தார். "பொன்னிக்கு அடிபட்டுச்சு. நீ பேஜாராவாத. அவளே கைய வுட்டுக்கினா." நான் நேராகப் பட்டறைக்குப் போனேன். மிஷினைத் துடைத்து வைத்திருந்தார்கள். உடன் வேலை செய்யும் ஆல்வினிடம் கேட்டேன். அவர்தான் சொன்னார்: இங்கே எல்லோரும் முதலில் பெடலை மிதித்துவிடுவார்கள், மிஷின் ஒரு மூச்சு வாங்கும், அதற்குள் தகட்டை விரலால் நேராக்கிவிட்டுக் கையை எடுத்துவிடுவார்கள். முதலில் நேராக்கிப் பிறகு மிதித்தால் டார்கெட் வராது.

அதன் பிறகு ஆல்வின் தன் போனில் போன தீபாவளிக்கு முன் எடுத்த வீடியோவைக் காட்டினார். பழைய கம்ப்யூட்டர் இருந்த காலம். பொன்னி மிதிக்கிறார், விரலை உள்ளே விடுகிறார், யாரையோ திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார், கை தானாக வெளியே வந்துவிடுகிறது, அப்புறம்தான் டை இறங்குகிறது. அளந்து பார்த்தேன். ஒன்றரை விநாடி. என் லேப்டாப்பில் கால் விநாடிகூட இல்லை. திங்களும் செவ்வாயும் பொன்னி யோசித்து யோசித்துக் கை வைத்திருக்கிறார். புதன்கிழமை அவசர லோடு. கை பழைய வழக்கத்துக்குப் போய்விட்டது.

அன்று மாலை செங்கல்பட்டில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பொன்னி கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"போலீசாண்ட நானே சொல்லிட்டேன் தம்பி, என் கவனக்கொறவுன்னு. இத்தினி வருசம் ஒரு கீறல் இல்ல. வயசாயிடுச்சி போலகீது. உன் மிஷின ஒண்ணும் சொல்லல, பயப்படாத. இன்னா மூஞ்சி வாடிக்கீது, நோன்பா? தொறக்கற நேரத்துக்கு வூடு போய்ச் சேரு."

"சாப்டியாக்கா?" என்று மட்டும் கேட்டேன். வந்துவிட்டேன்.

அதன் பிறகு நேற்று மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவளே எழுதிக் குட்துட்டா. நோன்பு மாசத்துல ஏன்டா வம்பு?" என்றார்.

"நோன்பு மாசத்துல பொய் சொல்லலாமா மாமா?"

"எது பொய்? அவ வாயால சொன்னா. மனசாரத்தான சொன்னா?"

பொன்னி அக்கா மனசாரத்தான் சொன்னார். ஆனால் அது நடந்தது அல்ல. அதை வைத்து வழக்கை மூடிவிட்டால் நஷ்டஈடு கேட்கிற இடத்தில் அவர் சொல்லே அவருக்கு எதிராக நிற்கும். அதைவிட, தன் கையே தன்னை ஏமாற்றிவிட்டது என்று அவர் நம்பிக்கொண்டிருப்பார். அந்தக் கை சரியான நேரத்துக்குத்தான் வந்தது. நேரத்தை மாற்றியது நான். மாற்றியதைச் சொல்லாததும் நான்.

எனக்குத் தெரிந்ததில் எதையும் மறைக்கவில்லை, தெரியாததைச் சேர்க்கவில்லை. யாரும் மிரட்டியோ கேட்டுக்கொண்டோ எழுதவில்லை. இரண்டு இடத்தில் அடித்திருக்கிறேன், பக்கத்தில் கையொப்பமிட்டிருக்கிறேன். இனி நான் செய்யப்போவது:

1. லேப்டாப்பை விபத்து நடந்தபோது இருந்த அதே வேக அமைப்புடன் இன்றே ஒப்படைக்கிறேன். சார்ஜரும் தருகிறேன்.

2. ஆல்வின் சம்மதித்திருக்கிறார். அவரையும் அந்த வீடியோவையும் நாளை அழைத்து வருகிறேன்.

3. எப்போது கூப்பிட்டாலும் வந்து, கியாசுதீன் மாமா எதிரிலும் இதையே சொல்வேன்.

4. இங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், பொன்னி அக்காவிடம் தப்பு அவருடையது இல்லை என்று சொல்வேன். இதை உங்களிடம் சொல்வதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு முறை ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

(ஒப்பம்)
அ. தமீம்
14.03.2025